கார் விபத்தில் சிக்கினால் வெளியே வர என்ன கருவி வைத்திருக்கலாம்? கண்ணாடி உடைப்பான், பெல்ட் வெட்டி பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 மழைப்பயணி

வணக்கம் நண்பர்களே. குடும்பத்தோடு இரவில் நீண்ட தூரம் காரில் போகும் வழக்கம் எங்களுக்கு உண்டு. வழியில் பாலங்களும் ஏரிக்கரைச் சாலைகளும் நிறைய வரும். கார் தண்ணீரில் இறங்கிவிட்டால், அல்லது கவிழ்ந்து கதவு சிக்கிக்கொண்டால், வெளியே வர ஒரு கருவி கையில் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். எத்தனை வகைகள்! கூர்முனைச் சுத்தியல், சாவிக்கொத்தில் மாட்டும் ஸ்பிரிங் பஞ்ச், பேனா மாதிரி ஒன்று, டார்ச்சும் சைரனும் காந்தமும் சேர்ந்த பெரிய சாதனம் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

முன்னால் நானும் மனைவியும். பின்னால் அப்பா, ஒன்பது வயது மகள், சைல்டு சீட்டில் மூன்று வயது மகன். அப்பாவுக்கு மூட்டுவலி, கைப்பிடி அவ்வளவு உறுதி இல்லை. எதை வாங்கலாம், எங்கே மாட்டலாம்? ரோட்டில் வேறு யாராவது சிக்கியிருந்தால் உதவவும் அதுவே போதுமா?

#2 நிலவன்

தனியாக எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. ஹெட்ரெஸ்டைக் கழற்றினால் அடியில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். அதைக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே செருகி நெம்பினால் கண்ணாடி உடையும். அதற்காகவே அதைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள் என்று படித்தேன். தண்ணீரில் விழுந்தால் உள்ளே நீர் நிரம்பும்வரை பொறுத்திருங்கள், அப்புறம் கதவு தானாகத் திறக்கும்.

#3 செந்தணல்

தீயணைப்பு மீட்புப் பணியில் இருப்பவன் என்பதால் நிலவன் சொன்ன இரண்டையும் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன, இரண்டையும் நம்பி இருப்பது ஆபத்து.

ஹெட்ரெஸ்ட் பின்னாலிருந்து வண்டி மோதும்போது கழுத்தைக் காக்க வைத்தது. உயரம் மாற்ற வேண்டும் என்பதால்தான் அது மேலே வருகிறது. சில கார்களில் சீட்டோடு ஒட்டியே இருக்கும், கழற்றவே முடியாது. கழற்ற முடிந்தாலும் யோசித்துப் பாருங்கள். இருட்டு, கார் சாய்ந்திருக்கிறது, தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் தலைக்குப் பின்னால் கை விட்டு, பூட்டுப் பொத்தானை ஒரு கையால் அழுத்தி, இன்னொரு கையால் இழுத்து, அதைத் திருப்பி ரப்பர் பட்டைக்குள் செருக வேண்டும். நெம்பினால் சில கண்ணாடிகள் உடையும், அதை மறுக்கவில்லை. வேறு எதுவுமே இல்லை என்றால் முயலலாம். அதையே திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீர் விஷயம்தான் முக்கியம். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் மனிதர்களை உள்ளே உட்கார வைத்தே கார்களைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார். 2010-ல் அந்த ஆய்வு வெளியானது. கார் விழுந்ததும் மூழ்கிவிடாது. ஏறத்தாழ 30 நொடியிலிருந்து 2 நிமிடம்வரை மிதக்கும். அந்த நேரத்துக்குள் வெளியேறினால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அவர் சொல்லும் வரிசை இது: பெல்டைக் கழற்று, ஜன்னலைத் திற, பிள்ளைகளை முதலில் அனுப்பி நீயும் வெளியே போ. போன் எடுத்து யாரையும் கூப்பிடாதீர்கள். பேசி முடிப்பதற்குள் அந்த ஒரு நிமிடம் போய்விடும்.

அப்படியென்றால் உங்கள் முதல் கருவி பவர் விண்டோ ஸ்விட்ச்தான். தண்ணீரில் விழுந்த உடனே பெரும்பாலான கார்களில் அது வேலை செய்யும். தண்ணீர் கண்ணாடி உயரத்துக்கு ஏறியதும் வெளி அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும், மோட்டாரால் இறக்க முடியாமல் போகும். ஸ்விட்ச் கைவிட்ட அந்த நொடியில்தான் உடைப்பான் வேண்டும்.

#4 நிலவன்

ஹெட்ரெஸ்ட் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீர் நிரம்பினால் இருபக்கமும் அழுத்தம் சமமாகிவிடும், கதவு திறக்கும் என்பது அறிவியல்தானே? அதில் என்ன தப்பு?

#5 அளவுகோல்

இயற்பியல் ஆசிரியன். நிலவன் சொல்லும் அறிவியல் சரி, ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கதவின் அகலம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தண்ணீர் இல்லை, வெளியே கதவின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அப்போது கதவின் மேல் விழும் மொத்த விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். கீல் ஒரு பக்கம் தாங்குவதால் நீங்கள் கைப்பிடிப் பக்கம் தள்ள வேண்டியது அதில் பாதி, 60 கிலோவுக்கு மேல். உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் அவ்வளவு தள்ளுவது பலருக்கு முடியாது. தண்ணீர் 90 செ.மீ.க்கு ஏறினால் மொத்தம் 400 கிலோவைத் தொடும், உங்கள் பங்கு 200. ஆழம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், அதனால்தான் சில நொடித் தாமதம் இவ்வளவு பாதிக்கிறது.

அழுத்தம் சமமாக வேண்டுமென்றால் உள்ளே ஏறக்குறைய முழுதாக நிரம்ப வேண்டும். அதுவரை எல்லாரும் மூச்சுக்கு இடம் தேடிக்கொண்டு இருக்க வேண்டும். என்ஜின் முன்னால் இருக்கும் கார் மூக்கு கீழே இருக்கத்தான் மூழ்கும், சில சமயம் தலைகீழாகவும் திரும்பும். எது மேல் எது கீழ் என்றே தெரியாத இருட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக் கைப்பிடியைத் தேட வேண்டும். மூன்று வயதுக் குழந்தையிடம் மூச்சைப் பிடித்துக்கொள் என்று சொல்ல முடியுமா? எல்லா வழியும் அடைபட்ட பிறகு மிச்சமிருக்கும் கடைசி வழி அது. அப்படிப்பட்ட நிலையில் கைவிட்டுவிடாமல் முயல வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் காத்திருப்பதை முதல் வழியாக யாருக்கும் சொல்லாதீர்கள்.

#6 கண்ணாடிப்பணி

கார் கண்ணாடி மாற்றும் வேலை செய்கிறேன். மழைப்பயணி சார், கருவி வாங்குமுன் உங்கள் காரில் எந்தக் கண்ணாடி இருக்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் வாங்குவதில் பயனில்லை.

கார் கண்ணாடி இரண்டு வகை. ஒன்று டெம்பர்டு. கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைப்பதால் மேற்பரப்பு இறுகி, உட்பகுதி இழுபட்டு நிற்கும். கையால் குத்தினாலும் தாங்கும், ஆனால் கடினமான கூர்முனை மேற்பரப்பை ஒரே இடத்தில் உடைத்தால் உள்ளே தேங்கிய இழுவிசை முழுதும் விடுபட்டு, கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். எல்லா உடைப்பான்களும் இந்த ஒன்றை நம்பித்தான் செய்யப்பட்டவை.

இன்னொன்று லாமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். குத்தினால் விரிசல் விழும், ஆனால் கண்ணாடி இடத்தைவிட்டு நகராது. முன்கண்ணாடி இந்த வகை. சத்தம் குறைக்கவும், விபத்தில் ஆட்கள் வெளியே தூக்கி எறியப்படாமல் தடுக்கவும் இப்போது பக்கக் கண்ணாடிகளிலும் இதைப் போடுகிறார்கள்.

அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-ல் ஆறு கருவிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. மூன்று சுத்தியல் வகை, மூன்று ஸ்பிரிங் வகை. டெம்பர்டு கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லாமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை. அங்கே 2018 மாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கக் கண்ணாடி லாமினேட்டடாக இருந்தது என்றும் அதே அறிக்கை சொன்னது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு கண்ணாடியின் கீழ்மூலையிலும் சின்ன முத்திரை இருக்கும். அதில் டெம்பர்டு அல்லது லாமினேட்டட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எழுத்து இல்லையென்றால் ஜன்னலைப் பாதி இறக்கி மேல்விளிம்பைப் பாருங்கள். நடுவில் மெல்லிய கோடு ஓடினால் லாமினேட்டட். ஒரு ஜன்னலைப் பார்த்துவிட்டு எல்லாமே அதுதான் என்று முடிவு செய்யாதீர்கள். முன்கதவில் லாமினேட்டடும் பின்கதவில் டெம்பர்டும் வரும் கார்கள் நிறைய.

#7 மழைப்பயணி

இப்போதுதான் கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான். முன்கதவு இரண்டும் லாமினேட்டட். பின்கதவு இரண்டும், பின்கண்ணாடியும் டெம்பர்டு. அப்படியானால் நான் சுத்தியலை என் பக்கத்துக் கதவில் வைத்திருந்தால் என் பக்க ஜன்னலை உடைத்திருக்கவே முடியாது!

பின்கண்ணாடிகளில் சன் ஃபிலிம் வேறு ஒட்டியிருக்கிறது. அது தடையா?

#8 செந்தணல்

பார்த்துவிட்டு வந்தது மிக நல்ல காரியம். இனி உங்கள் குடும்பத்துக்கு வெளியேறும் வாசல் பின்ஜன்னல்கள். முன்னால் இருப்பவர்களும் சீட்டுகளுக்கு நடுவே பின்னால் வந்து வெளியேற வேண்டியிருக்கும். அதை நிறுத்தியிருக்கும் காரில் ஒருமுறை எல்லாரும் செய்து பாருங்கள். உடல் வழி கண்டுகொள்ளும்.

ஃபிலிம் இருந்தால் கண்ணாடி உடையும், ஆனால் உதிராது. நொறுங்கிய பாய் மாதிரி அப்படியே தொங்கும். உடையவில்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். காலால் அல்லது முழங்கையால் ஒரு மூலையிலிருந்து வெளியே தள்ள வேண்டும்.

எங்கே குத்துவது என்று பலர் கேட்பார்கள். நடுவில் கண்ணாடி சற்று வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். விளிம்புக்குப் பக்கத்தில், கீழ்மூலையை ஒட்டிக் குத்துங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிள்ளைகளின் முகத்தைத் துணியால் மூடிவிட்டு. தண்ணீர் ஜன்னலுக்கு மேல் ஏறிய பிறகு உடைத்தால் தண்ணீரும் கண்ணாடித் துண்டுகளும் சேர்ந்து உள்ளே பாயும். அதனால் பெல்டுகளைக் கழற்றிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்ட பிறகே உடைக்க வேண்டும்.

#9 பழைய மெக்கானிக்

கருவியைப் பற்றிப் பேசுவோம். இரண்டு வகையும் கையில் பிடித்துப் பழகியவன்.

சுத்தியல் வகைக்கு வீச இடம் வேண்டும். ஏர்பேக் விரிந்து தொங்குகிறது, பக்கத்தில் ஆள், கதவு நசுங்கி உள்ளே வந்திருக்கிறது என்றால் கையை வீச முடியாது. தண்ணீருக்குள் என்றால் வேகமே வராது. ஸ்பிரிங் வகையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் போதும், உள்ளே இருக்கும் முனை தானாகப் பாயும். நீருக்குள்ளும் வேலை செய்யும். ஏஏஏ சோதனையிலும் ஸ்பிரிங் வகைதான் முன்னால் வந்தது. அதனால் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ஸ்பிரிங் வகை வாங்குங்கள்.

முனையைப் பாருங்கள். டங்ஸ்டன் கார்பைடு அல்லது கடினப்படுத்திய எஃகாக இருக்க வேண்டும். கண்ணாடியைவிடக் கடினமான முனைதான் மேற்பரப்பை உடைக்கும். மின்னுகிற மெல்லிய பூச்சு பூசிய மென் இரும்பு முனை முதல் குத்திலேயே மழுங்கும்.

டார்ச், சைரன், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்த பெரிய சாதனங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். கை நடுங்கும் நேரத்தில் எந்தப் பக்கம் முனை, எந்தப் பக்கம் வெட்டி என்று தேட நேரமிருக்காது. ஒரு பக்கம் முனை, மறுபக்கம் வெட்டி, நல்ல நிறம். அவ்வளவுதான் வேண்டும்.

பெல்ட் வெட்டி: கத்தி ஒரு பிளவுக்குள் மறைந்திருக்க வேண்டும், விரல் போகக் கூடாது, பெல்ட் தாராளமாக நுழைய வேண்டும். தளர்ந்த பெல்டை வெட்ட முடியாது. ஒரு கையால் இழுத்து இறுக்கிக்கொண்டு, குறுக்கே நேராக வைக்காமல் சாய்வாக வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தோள்பட்டைப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு நிற்கக் கூடாது. பெல்ட் பக்கிள் நாக்கில் சிக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். இடுப்புப் பகுதியையும் வெட்டிவிடுங்கள். அந்தக் கத்தியை வீட்டில் அட்டைப்பெட்டி பிரிக்க எடுத்தால் முனை மழுங்கும். தனியாகவே இருக்கட்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. க்ளவ் பாக்ஸ் விபத்தில் நசுங்கித் திறக்காமல் போகும். டிக்கி கேட்கவே வேண்டாம். கதவு பாக்கெட்டில் சும்மா போட்டால் கவிழும்போது எங்கேயோ பறந்துவிடும், யார் தலையிலாவது அடிக்கும். சாவிக்கொத்தில் மாட்டுவது சாவி செருகி ஓட்டும் காருக்குச் சரி. பட்டன் ஸ்டார்ட் காரில் சாவி பையிலோ பாக்கெட்டிலோ இருக்கும், பாக்கெட் மேல் பெல்ட் இறுகியிருக்கும். பெல்ட் போட்டபடி, இரண்டு கைகளில் எதாலும் எட்டும் இடம் எது என்று உட்கார்ந்து கைநீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது முன்சீட்டுகளுக்கு இடையிலுள்ள நடுக் கன்சோலின் பக்கவாட்டு. திருகாணியால் பொருத்திய பிடிப்பானோ பிளாஸ்டிக் கட்டுப் பட்டையோ போடுங்கள். இரட்டைப் பக்க டேப் வெயிலில் பசை இளகி விழும். ஜன்னல்களுக்கு இடையிலுள்ள தூணிலும் கூரை ஓரத்திலும் சீட்டின் வெளிப்பக்கத்திலும் ஏர்பேக் இருக்கலாம், அங்கே எதையும் ஒட்டாதீர்கள்.

#10 தேன்மொழி

மழைப்பயணி அண்ணா, பிள்ளைகள் இருக்கும் காரில் சில விஷயங்கள். எனக்கும் இரண்டு பேர்.

சைல்டு லாக் போட்டிருந்தால் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. ஓட்டுநர் பக்கத்தில் ஜன்னல் பூட்டு பட்டன் அழுத்தியிருந்தால் பின்னால் இருப்பவர்கள் ஜன்னலையும் இறக்க முடியாது. பெரியவர் யாராவது பின்னால் இருக்கும்போது அந்த ஜன்னல் பூட்டை விலக்கி வையுங்கள், அல்லது ஓட்டுநர் ஸ்விட்சிலிருந்தே நான்கையும் இறக்கப் பழகுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு எந்த ஸ்விட்ச் எந்த ஜன்னல் என்று விரலாலேயே தெரிந்து வைத்திருக்கிறேன்.

பெரிய பிள்ளைக்கு மற்ற நேரங்களில் பக்கிளைத் தானே கழற்றச் சொல்லிக் கொடுங்கள், வண்டி நின்ற பிறகு மட்டும் என்ற கண்டிப்போடு. வெளியேறும்போது பெரியவளை முதலில் அனுப்பச் சொல்கிறார்கள். வெளியே போனதும் காரையோ எதையோ பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியும். சின்னவனை உங்களோடு அணைத்துக்கொண்டு வர வேண்டும்.

சைல்டு சீட்டில் ஐந்து முனைப் பட்டை இருக்குமே, அதன் பக்கிளைச் சின்ன விரல்களால் திறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். அப்பாவுக்கு மூட்டுவலி என்றால் அவராலும் அழுத்த முடியுமா என்று இப்போதே பாருங்கள். முடியவில்லை என்றால் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். தோள் பட்டைகள் இரண்டையும் வெட்டினால் குழந்தையை மேலே உருவி எடுக்கலாம்.

#11 மழைப்பயணி

தேன்மொழி, இன்று மாலை அப்பாவை வைத்துப் பார்த்தேன். பெரிய பக்கிள் பரவாயில்லை, சைல்டு சீட் பக்கிள் அவரால் முடியவில்லை. நல்லவேளை கேட்டீர்கள்.

மெக்கானிக் ஐயா, ஸ்பிரிங் பஞ்சை அழுத்தவும் பலம் வேண்டுமே? அப்பாவால் முடியுமா?

#12 பழைய மெக்கானிக்

கேட்க வேண்டிய கேள்வி. சில ஸ்பிரிங்குகள் மிக இறுக்கமாக இருக்கும். விரல் பிடிப்பை நம்ப வேண்டாம். உள்ளங்கையின் அடிப்பாகத்தில் கருவியின் பின்பக்கத்தை வைத்து, மறு கையை அதன் மேல் வைத்து, உடம்போடு சாய்ந்து அழுத்தச் சொல்லுங்கள். வாங்குமுன் ஒரு மரக்கட்டையில் வைத்து அவரையே அழுத்தச் சொல்லிப் பாருங்கள். பாயவில்லை என்றால் அவருக்குப் பருத்த கைப்பிடியுள்ள சுத்தியலைக் கொடுங்கள். நல்ல கூர்முனை இருந்தால் சுத்தியலுக்குப் பெரிய பலம் தேவையில்லை, மணிக்கட்டை வீசினால் போதும்.

முடிந்தால் கூடுதலாக ஒன்று வாங்கி, பழைய கார் உடைக்கும் இடத்தில் கேட்டு ஒரு கண்ணாடியில் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. ஒரு முறை உடைத்துப் பார்த்தவருக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற பயம் போய்விடும்.

#13 வழிப்போக்கன்

முழுக்க லாமினேட்டட் கண்ணாடி இருக்கும் காருக்கு என்ன வழி? என் காரில் நான்கு கதவும் அதுதான்.

#14 செந்தணல்

பின்கண்ணாடியைப் பாருங்கள், பல கார்களில் அது டெம்பர்டு. ஹேட்ச்பேக் என்றால் பின்சீட்டை மடித்து அந்த வழியாகப் போகலாம். அதுவும் இல்லையென்றால் உங்கள் ஒரே பலம் வேகம். தண்ணீரில் விழுந்த கணமே பெல்டைக் கழற்றி ஜன்னலை இறக்கிவிட வேண்டும், வேறு எதையும் முதலில் செய்யக் கூடாது.

லாமினேட்டடை நாங்கள் கைரம்பத்தாலோ மின்ரம்பத்தாலோ அறுத்துத்தான் திறக்கிறோம். முதலில் ஓர் ஓட்டை போட்டு, விளிம்பைச் சுற்றி அறுக்க வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் காருக்கு வெளியே நின்று செய்ய நேரம் இருக்கும். மூழ்கும் காருக்குள் உட்கார்ந்து செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஓடும் தண்ணீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே சின்னக் கார்கள் மிதந்து நகர ஆரம்பிக்கும். 60 செ.மீ. இருந்தால் பெரிய வண்டிகளையும் இழுத்துப் போகும். சாலையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் வண்டியைத் திருப்புங்கள். மற்றவர் போகிறாரே என்று பின்னால் போகாதீர்கள்.

#15 மழைப்பயணி

வெளியிலிருந்து ஒருவரை மீட்பது பற்றியும் சொல்லுங்கள் அண்ணா. அதைத்தான் நிறையப் பேர் கேட்பார்கள்.

#16 செந்தணல்

முதலில் உங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள், எச்சரிக்கை விளக்கு, முக்கோணப் பலகை. பிரதிபலிக்கும் மேலங்கி ஒன்று காரில் இருக்கட்டும். இரவில் உதவப் போனவர் மேல் இன்னொரு வண்டி ஏறுவது புதிதல்ல. அவசர எண்ணுக்கு ஒருவர் பேசட்டும். மின்கம்பி அறுந்து கார் மேல் கிடந்தால் தொடாதீர்கள், உள்ளே இருப்பவரை வெளியே இறங்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நான்கு கதவுகளையும் இழுத்துப் பாருங்கள். ஒரு கதவு சிக்கியதைப் பார்த்ததும் கண்ணாடியை உடைக்க ஓடுவார்கள், மறுபக்கக் கதவு சும்மா திறந்திருக்கும். உடைக்க வேண்டியிருந்தால் ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தூரமான ஜன்னலை உடைத்து, கை விட்டுக் கதவைத் திறங்கள். தடித்த தோல் கையுறையும் கண்ணுக்கு மூடியும் இதற்குத்தான். என் கணக்கில் உடைப்பானுக்கு அடுத்து வாங்க வேண்டியது கையுறையும் தலையில் கட்டும் விளக்கும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது டார்ச் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

என்ஜினை அணையுங்கள், ஹேண்ட் பிரேக் இழுங்கள். விரியாத ஏர்பேக் திடீரென்று விரியலாம், அதற்கும் அடிபட்டவருக்கும் நடுவே உங்கள் தலையை நுழைக்காதீர்கள்.

தீ, தண்ணீர், மூச்சில்லாமை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் ஆளை இழுக்க வேண்டாம். தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அவசரத்தில் இழுப்பது நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

கார் கவிழ்ந்து ஆள் பெல்டில் தலைகீழாகத் தொங்கினால் வெட்டியவுடன் கழுத்தின் மேல் விழுவார். முதலில் ஒருவர் தோளையும் இடுப்பையும் தாங்க வேண்டும், பிறகுதான் வெட்டி. நீங்களே அப்படித் தொங்கினால் ஒரு கையைக் கூரையில் ஊன்றி, கால்களை டேஷ்போர்டில் உதைத்துப் பிடித்துக்கொண்டு பக்கிளை அழுத்துங்கள்.

தண்ணீரில் கார் என்றால் நீச்சல் தெரிந்தவரும் குதிக்க வேண்டாம். மிதக்கும் கயிறு ஒன்று காரில் இருந்தால் எறியுங்கள்.

ஐரோப்பாவில் கார் மாடலுக்கு ஒரு மீட்புத் தாள் உண்டு. ஏர்பேக், பேட்டரி, வெட்டக் கூடாத இடங்கள் எல்லாம் படமாக இருக்கும். அதை அச்சிட்டு ஓட்டுநர் பக்க வெயில் மறைப்பானுக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறார்கள். கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2020-ல் அதற்கென்றே ஒரு செயலியும் வெளியிட்டது. உங்கள் மாடலுக்குத் தாள் கிடைத்தால் அச்சிட்டு வையுங்கள். எங்களைப் போன்றவர்களுக்குச் சில நிமிடம் மிச்சமாகும்.

#17 வழிப்போக்கன்

என்னுடையது மின்சாரக் கார். கதவுக்குக் கைப்பிடியே இல்லை, பட்டன்தான். மின்சாரம் போனால்?

#18 பழைய மெக்கானிக்

கையால் இழுக்கும் அவசரக் கொக்கி எங்கே இருக்கிறது என்று கையேட்டில் இன்றைக்கே பாருங்கள். முன்கதவில் பெரும்பாலும் ஸ்விட்ச் பக்கத்தில் இருக்கும். பின்கதவில் சில மாடல்களில் கதவு பாக்கெட்டின் பாய்க்கு அடியிலோ ஒரு மூடிக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும், சிலவற்றில் இல்லவே இல்லை. வண்டியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் யாரும் வெட்டக் கூடாது, அது உயர் மின்னழுத்தம். சத்தமில்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்றும் எண்ணக் கூடாது.

#19 தேன்மொழி

தீயணைப்பான் வேண்டுமா? பலவகைத் தீக்கும் பயன்படும் ஏபிசி பவுடர் அடைத்த ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்று வைத்திருக்கிறேன்.

#20 செந்தணல்

வைத்திருங்கள், நல்லது. ஆனால் ஒரு கிலோ சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஆரம்பத் தீக்கு மட்டும்தான். ஆட்கள் எல்லாரும் வெளியே வந்த பிறகு, பானெட்டை முழுதாகத் திறக்காமல், பூட்டை விடுவித்த இடைவெளி வழியாக அடியுங்கள். முழுதாகத் திறந்தால் காற்று பாய்ந்து தீ முகத்துக்கு வரும். அழுத்தமானி பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மின்சாரக் காரின் பேட்டரி பற்றினால் பவுடரால் ஆகாது. காற்று வரும் திசைக்கு விலகிப் போங்கள், புகை நச்சு.

#21 நிலவன்

ஹெட்ரெஸ்ட் பற்றி எழுதியதை நான்கைந்து குழுக்களுக்கு முன்பு அனுப்பியிருந்தேன். இந்தப் பதிவுகளைச் சுருக்கி அங்கெல்லாம் அனுப்பிவிட்டேன். ஒரு கேள்வி. வெயிலில் பூட்டிய காருக்குள் குழந்தை இருந்தால், உரிமையாளரைத் தேடுவதா, உடைப்பதா?

#22 தேன்மொழி

2005-ல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு: நிறுத்திய காருக்குள் ஏறும் வெப்பத்தில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலைச் சற்று இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. அதனால் தேடிக்கொண்டே இருக்க நேரமில்லை. அவசர எண்ணுக்கு ஒருவர் பேசும்போதே குழந்தையைப் பாருங்கள். சோர்ந்து கிடந்தால், கூப்பிட்டும் அசையாவிட்டால் உடனே உடைக்க வேண்டும், குழந்தைக்குத் தூரமான ஜன்னலை. வெளியே எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள்.

#23 மழைப்பயணி

முடிவு செய்துவிட்டேன். முன்னால் நடுக் கன்சோலில் ஸ்பிரிங் பஞ்சும் வெட்டியும் சேர்ந்த ஒன்று, பின்னால் கன்சோலின் பின்பக்கம் அப்பாவுக்கு எட்டும்படி வெட்டியோடு ஒரு சுத்தியல். ஸ்பிரிங்கை அவரால் அழுத்த முடியவில்லை, சுத்தியல் சரியாக வந்தது. கையுறை, தலைவிளக்கு, மேலங்கி ஒரு பையில். மகளுக்கு ஜன்னல் வழியாக இறங்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. அவளுக்கு அது விளையாட்டாகத் தெரிகிறது, இருக்கட்டும்.

கண்ணாடிப்பணி சாருக்கு ஒரு கேள்வி: பின்கதவுக் கண்ணாடி எப்போதாவது உடைந்து மாற்றினால் இதே வகை கிடைக்குமா?

#24 கண்ணாடிப்பணி

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்குங்கள். சில மாடல்களுக்கு இரண்டு வகையும் பொருந்தும், இருப்பில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள். மாட்டி முடித்ததும் மூலை முத்திரையைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். பழைய கார் வாங்கினாலும் நான்கு கதவையும் தனித்தனியே பாருங்கள், முன்பு யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாது.